வலிப்பை மனவலிமையால் நிறுத்த முடியுமா?

கேள்வி:

எனக்கு வயது 27. கோவை அருகே ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் வேலை. 19 வயதில் முதல் வலிப்பு வந்தது. எம்ஆர்ஐ ஸ்கேன் பார்த்து, இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே மூளையில் ஒரு தழும்பு இருக்கிறது என்றார்கள். முதலில் கார்பமசெபின் மட்டும் கொடுத்தார்கள். இரண்டு வருடமாக லெவெடிராசெட்டமும் சேர்த்து எடுக்கிறேன். மாதம் இரண்டு மூன்று முறை அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறும். கருகல் வாடை அடிக்கும். அப்புறம் ஒரு நிமிடம் எதுவும் நினைவில் இருக்காது. வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பேனாம். வருடத்தில் ஓரிரு முறை கீழே விழுந்து கைகால் இழுக்கும்.

"நீ கோபப்படுவதால்தான் வருகிறது" என்கிறார் அம்மா. அமாவாசை என்றால் வீடே பயப்படுகிறது. அன்று அம்மாவோடு நானும் விரதம் இருக்கிறேன். தலைக்கு ஊற்றாதே, கத்திரிக்காய் சாப்பிடாதே, போன் பார்க்காதே என்று தடைக்கு மேல் தடை. சமீபத்தில் ஒரு வீடியோ பார்த்தேன். மனதை ஒருமுகப்படுத்தினால் வலிப்பை அந்த இடத்திலேயே நிறுத்தலாம், மாத்திரையே வேண்டாம் என்று ஒருவர் பேசினார். அறிகுறி வந்தபோது நானும் கையை இறுக்கி மூடிக்கொண்டு "முருகா முருகா" என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு முறை நின்றுவிட்டது. மற்ற முறைகளில் நிற்கவில்லை. நிற்காதபோதெல்லாம் நான் மனபலம் இல்லாதவன் என்று தோன்றுகிறது. எதனால் வலிப்பு தூண்டப்படுகிறது? அதை என்னால் கட்டுப்படுத்த முடியுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, வலிப்பு நிற்காமல் போவதற்கும் உங்கள் மனபலத்துக்கும் சம்பந்தம் இல்லை. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூளையில் ஒரு பகுதியிலுள்ள நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுமீறி மின்துடிப்பை வெளியிடுவதுதான் வலிப்பு. "நிறுத்து" என்று முடிவெடுப்பதும் அதே மூளைதான். துடிப்பு பரவி நினைவே தப்பிய பிறகு அங்கே மன உறுதி காட்ட ஆள் இல்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக உங்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஒரு வலிப்புக்கும் அடுத்த வலிப்புக்கும் இடையில் பல நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் உங்களால் செய்யக்கூடியது நிறைய உண்டு. கட்டுப்பாடு என்று நான் சொல்வது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

தூண்டுதல் என்றால் என்ன என்பதில் நம் வீடுகளில் ஒரு குழப்பம் உண்டு. உங்கள் வலிப்புக்குக் காரணம் அந்தத் தழும்பு. தூண்டுதல் என்பது, வலிப்பு இன்றைக்கு வருமா அடுத்த வாரம் வருமா என்பதைத் தள்ளிவிடும் விஷயம். கண்மாய் கரைமட்டத்துக்கு நிறைந்திருக்கும் நாளில் ஒரு சின்னத் தூறல் போதும், உடைத்துக்கொள்ளும். பாதிதான் தண்ணீர் என்றால் கனமழைகூட ஒன்றும் செய்யாது. அதனால்தான் போன வாரம் தூங்காமல் இருந்தும் வராத வலிப்பு, இந்த வாரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. அதைப் பார்த்து "இது தூண்டுதலே இல்லை" என்று முடிவு கட்டுவதும் தவறு, "நேற்று இதைச் சாப்பிட்டான், அதனால்தான்" என்று பிடித்துக்கொள்வதும் தவறு.

உங்கள் பட்டியலில் இல்லாத இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டன. ஒன்று மாத்திரை நேரம். இன்னொன்று தூக்கம். இரண்டும் உங்கள் ஷிஃப்ட்டோடு பிணைந்தவை.

லெவெடிராசெட்டம் உடலில் நீண்ட நேரம் தங்கும் மருந்து அல்ல. பெரியவர்களுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அதனால்தான் அதன் சாதாரண மாத்திரையைக் காலை, இரவு என்று இரண்டு வேளை தருகிறோம். பகல் ஷிஃப்ட் வாரத்தில் பிரச்சினை இல்லை. முழு நைட் வாரத்தில் என்ன நடக்கிறது? "ராத்திரி மாத்திரை" படுக்கும்போது போடுவது என்று பழகியவர் காலை ஒன்பது மணிக்குப் படுக்கும்போது அதைப் போடுவார். காலை மாத்திரை சாயங்காலம் எழுந்தபின் போகும். ஷிஃப்ட் மாறும் நாளில் நடுவில் பதினெட்டு, இருபது மணி நேர இடைவெளி விழும். "நான் ஒரு வேளைகூட விட்டதில்லை டாக்டர்" என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளியில் மருந்தின் பாதுகாப்பு குறைந்துபோகிறது. எனவே மாத்திரையைத் தூக்கத்தோடு கட்டாதீர்கள், கடிகாரத்தோடு கட்டுங்கள். காலை 8, இரவு 8 என்றால் எந்த ஷிஃப்ட்டிலும் அதே 8. போனில் அலாரம் வையுங்கள். ஒரு நாளுக்கான மாத்திரையை ஒரு சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருங்கள். மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் அந்த வேளையைப் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் என்ன செய்வது என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். நீங்களாக இரண்டு வேளை மருந்தை ஒன்றாகப் போட வேண்டாம்.

இப்போது அமாவாசை. நிலாவின் மீது பழி போடுமுன் அன்றைய காலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விரதம். காலைப் பலகாரம் இல்லை. சீட்டில் "சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதியிருக்கும். சாப்பாடு இல்லாததால் மாத்திரை மதியப் படையல் முடியும்வரை தள்ளிப்போகிறதா? என் அனுபவத்தில் விரத நாள் வலிப்புகளில் இதைக் கேட்டால் பாதி வீடுகளில் ஒரு மௌனம் வரும். விரதம் இருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 8 மணி மாத்திரை 8 மணிக்கே தண்ணீரோடு உள்ளே போகட்டும். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு டம்ளர் பால். சாமி கோபித்துக்கொள்ளாது என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை கொத்தாக வருகிறது என்று நீங்கள் கவனித்திருந்தால் அதையும் தள்ளிவிட மாட்டேன். மூளைக்குள் பொருத்திய கருவிகளில் வருடக்கணக்கில் பதிவான மின்துடிப்புகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். பலருக்கு 20 முதல் 30 நாள் இடைவெளியில் வலிப்புக்கான வாய்ப்பு ஏறி இறங்குவது அதில் தெரிந்தது. ஆண்களுக்கும் அப்படித்தான். அந்தச் சுழற்சி ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, அவரவர் உடலுக்குள் ஓடுகிறது. உங்கள் சுழற்சி எது என்பதைப் பஞ்சாங்கம் சொல்லாது, குறிப்பேடு சொல்லும். அதற்குப் பிறகு வருகிறேன்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன். மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் ஈஈஜி எடுக்க வரும்போது சில சமயம் "ராத்திரி தூங்காமல் வாருங்கள்" என்று சொல்கிறோமே, ஏன் தெரியுமா? தூக்கம் கெட்ட மூளையில் வலிப்புத் துடிப்புகள் எளிதில் வெளிப்படும், எங்களுக்குப் படம் கிடைக்கும். சோதனைக்காக நாங்கள் ஒரு நாள் செய்வதை உங்கள் மில் மாதத்தில் ஒரு வாரம் செய்கிறது. பகலில் ஆறு மணி நேரம் தூங்கினேன் என்பது, தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் சத்தத்துக்கு நடுவில் விட்டுவிட்டு வரும் தூக்கமாக இருந்தால் ஈடாகாது. உங்கள் நோய்க்கு முழு நைட் வேலை பொருந்தாது. இதை நான் ஆலோசனையாக அல்ல, மருத்துவக் கருத்தாகவே சொல்கிறேன். உங்களைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். இரவுப் பணியும், ஓடும் மெஷின் பக்கம் தனியாக நிற்கும் வேலையும் தவிர்க்கப்பட வேண்டும் என்று எழுதித் தருவார். வேலை போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும், அது நியாயமான பயம். ஆனால் பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷின் அருகில் நினைவு தப்பி பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்கும் ஒரு நிமிடத்தை நினைத்தால் எனக்கு வரும் பயம் அதைவிடப் பெரியது. நம்பகமான ஒரு சூப்பர்வைசருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

கோபத்துக்கு வருவோம். இதில்தான் உங்கள் அம்மாவோடு நான் அதிகம் முரண்படுகிறேன். கவலை, மன அழுத்தம் வலிப்பைத் தூண்டலாம் என்பது உண்மை. எது தூண்டுகிறது என்று கேட்டால் நோயாளிகள் பெரும்பாலும் முதலில் சொல்வதும் அதைத்தான். ஆனால் உங்கள் கோபத்துக்கு வேறு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. வலிப்புக்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தின நாளே, எரிச்சல், சிடுசிடுப்பு, ஒரு இனம்புரியாத கனம் வந்துவிடும். வலிப்பின் வேலை அப்போதே உள்ளே தொடங்கிவிட்டது. வீட்டார் கண்ணுக்குக் கோபம் முதலில், வலிப்பு பின்னால். எனவே கோபத்தால் வலிப்பு என்று கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் வரப்போகும் வலிப்பின் முதல் அறிகுறியாக அந்தக் கோபம் இருக்கலாம்.

அடுத்த விளக்கம் இன்னும் நேரானது. லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் ஏற்படுத்தும். நன்கு தெரிந்த பக்கவிளைவு இது. முன்பு சாந்தமாக இருந்த பையன் தட்டை விட்டெறிகிறான், சின்னப் பேச்சுக்கு வெடிக்கிறான் என்று பெற்றோர் சொல்லி நாங்கள் மருந்தை மாற்றுவது சாதாரணமாக நடப்பது. உங்கள் கோபம் இரண்டு வருடமாகத்தான் கூடியிருக்கிறதா, அதாவது இந்த மாத்திரை சேர்ந்த பிறகா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் அடுத்த முறை மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். மாத்திரை தந்த கோபத்துக்கு நீங்கள் திட்டு வாங்கிக்கொண்டிருந்தால் அது பெரிய அநியாயம். எரிச்சல் கடந்து மனச்சோர்வோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமோ எப்போதாவது வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.

தலைக்கு ஊற்றக்கூடாது என்ற தடையை நான் மூடநம்பிக்கை என்று ஒதுக்க மாட்டேன். வெந்நீர் வலிப்பு என்று ஒன்று உண்டு. உலகத்திலேயே நம் தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தின் தெற்குப் பகுதியில், அதிகமாகப் பதிவானது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். சொம்பில் மொண்டு சூடான தண்ணீரைத் தலையில் மளமளவென ஊற்றும்போது சிலருக்கு வலிப்பு வரும். சூட்டைக் குறைத்தால் பலருக்கு நின்றுவிடும். சிலருக்கு எண்ணெய்க்குளியல் நாளில் மட்டும் குளிப்பதற்கு முன்னால் குளோபசாம் மாத்திரை கொடுத்தே தடுக்கிறோம். உங்களுக்கு இது பொருந்துமா என்பதற்கு ஒரே கேள்விதான்: எப்போதாவது தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதோ குளித்த உடனேயோ வந்திருக்கிறதா? இல்லையென்றால் தாராளமாகத் தலைக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பாக இருக்கட்டும், குளியலறைக் கதவைத் தாழ் போடாதீர்கள். அது எந்த வலிப்பு நோயாளிக்கும் பொருந்தும். சோறு சாப்பிடும்போதே வலிப்பு வருவதும் உண்டு. இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எனவே வீட்டுப் பெரியவர்களின் கண் சில நேரம் சரியாகவே பார்த்திருக்கும். கத்திரிக்காய்க்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை. சாப்பிடுங்கள்.

போன் வெளிச்சத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் அளவுக்கு மீறியது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு டிவி கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறிமாறி மின்னியதில் 685 குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதிலிருந்து இந்தப் பயம் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் மின்னும் ஒளியால் வலிப்பு வருவது வலிப்பு நோயாளிகளில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான். அதுவும் சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும், மூளை முழுக்க ஒரே நேரத்தில் துடிக்கும் வகை வலிப்புகளில்தான் அதிகம். உங்களுடையது ஒரு இடத்தில் தொடங்கும் வகை. போன் உங்களுக்குக் கெடுதல் செய்தால் அது ராத்திரி ஒரு மணிவரை தூக்கத்தைத் திருடுவதால்தான்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மருந்துகளில் ஜாக்கிரதை வேண்டும். டிரமடால் என்ற வலி மாத்திரை, வயிற்றுப்போக்குக்குக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் வகைகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் சேர்ந்தால் உங்கள் கார்பமசெபின் ரத்தத்தில் ஏறி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை என்று தள்ளாட வைக்கும். எந்த டாக்டரிடம் போனாலும், எந்தக் கடையில் நின்றாலும் "எனக்கு வலிப்பு உண்டு, இந்த இரண்டு மாத்திரை எடுக்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். குடி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், வலிப்பு பெரும்பாலும் குடிக்கும்போது வருவதில்லை, போதை இறங்கும் மறுநாளில் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் கையிறுக்கமும் முருகா முருகாவும்.

அதைக் கேலியாக எண்ண வேண்டாம், மருத்துவத்தில் அதற்கு ஒரு வரலாறே உண்டு. வலிப்பு கையில் தொடங்கி மேலே ஏறும் சிலர், தொடங்கிய உடனே மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால் அது நின்றுபோவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்களே கவனித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 1950களில் ராபர்ட் எஃப்ரன் என்ற மருத்துவர் பதிவு செய்தது. அவரிடம் வந்தவர் ஒரு மேடைப் பாடகி. உங்களைப் போலவே இல்லாத வாசனை தெரிவதில் தொடங்கும் வலிப்பு. தொடங்கியவுடன் ஒரு பலமான வாசனையை முகரக் கொடுத்தால் வலிப்பு மேலே போகாமல் நின்றது. அதற்கு எஃப்ரன் பயன்படுத்தியது மல்லிகை வாசனைத் தைலம். மேடையில் பாடிக்கொண்டிருப்பவர் சீசாவைத் திறந்து முகர முடியாதே. அதனால் மல்லிகையை முகரும்போதெல்லாம் ஒரு கைவளையை உற்றுப் பார்க்கச் சொல்லிப் பழக்கினார். சில நாட்களில் வளையைப் பார்த்தாலே போதும் என்று ஆனது. பிறகு வளையை மனதில் நினைத்தாலே வலிப்பு நின்றது. 1956இலும் 1957இலும் 'பிரெய்ன்' என்ற மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்.

இது எப்படி நடக்கிறது? உங்கள் வயிற்றிலிருந்து ஏறும் உணர்வும் கருகல் வாடையும் வலிப்பின் முன்னறிவிப்பு மட்டும் அல்ல, அதுவே சிறிய வலிப்பு, இன்னும் பரவாதது. பரவப்போகும் பாதையிலுள்ள நரம்பணுக்களை அந்தச் சில நொடிகளுக்குள் வேறு ஒரு பலமான தூண்டலில் ஈடுபடுத்திவிட்டால் பரவல் தடைபடலாம் என்பதே விளக்கம். அது கை இறுக்கமாக இருக்கலாம், வாசனையாக இருக்கலாம், உரக்கச் சொல்லும் ஒரு பெயராகவும் இருக்கலாம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். எதுவுமே செய்யாவிட்டாலும் பல முறை வலிப்பு அந்த அறிகுறியோடு தானாகவே அடங்கிவிடும். உங்களுக்கு நின்ற அந்த இரண்டு முறையும் கையை இறுக்கியதால்தான் நின்றதா, தானாகவே நின்றிருக்குமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, வாசனை நல்லது என்று எதையும் முகர ஆரம்பித்துவிடாதீர்கள். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் சிலருக்கு வலிப்பைத் தூண்டுவதாக நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். தலைவலிக்குத் தடவும் தைலங்கள் பலவற்றில் இவை இரண்டும் இருக்கும், லேபிளைப் படியுங்கள்.

எனவே அறிகுறி வந்தவுடன் முதல் வேலை பாதுகாப்பு. மெஷினை விட்டு, அடுப்பை விட்டு, படிக்கட்டை விட்டு விலகித் தரையில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சைகை. உட்கார்ந்த பிறகு கையை இறுக்குங்கள், முருகனைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்யுங்கள். நின்றால் சந்தோஷம். நிற்கவில்லையென்றால் பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதுவே அந்த முறைக்கான வெற்றி.

மனதை ஒருமுகப்படுத்துவது பற்றி எழுதியிருக்கிறீர்கள். யோகா, மூச்சுப்பயிற்சி போன்றவற்றை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். டெல்லி எய்ம்ஸில் வலிப்பு உள்ள 160 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முறையான யோகாவும் மூச்சுப்பயிற்சியும், மறு குழுவுக்கு யோகா போலத் தோன்றும் வெறும் அசைவுகளும் சொல்லிக்கொடுத்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். யோகா குழுவில் வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தவர்கள் அதிகம். தங்களைத் தாங்களே தாழ்வாக எண்ணும் உணர்வும் குறைந்தது, உங்கள் கடிதத்தைப் படித்தபோது இதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் 2018இல் வெளியான இன்னொரு ஆய்வில் 66 பேர். ஒரு குழு தசைகளைத் தளர்த்தும் பயிற்சி செய்தது. மறு குழு தளர்த்தல் இல்லாத வேறு பயிற்சி செய்தது. மூன்று மாதத்தில் முதல் குழுவுக்கு வலிப்பு 29 சதவீதமும் மறு குழுவுக்கு 25 சதவீதமும் குறைந்தது, பெரிய வித்தியாசமில்லை. இரு குழுக்களும் பொதுவாகச் செய்தவை தினமும் தங்களைக் கவனித்துக் குறித்துவைத்ததும், நேரம் தவறாமல் உட்கார்ந்து ஒன்றைச் செய்ததும். ஒழுங்கான நாளுக்கே ஒரு மருந்துக் குணம் உண்டு என்று நான் இதை வாசிக்கிறேன். இந்த இரண்டு ஆய்வுகளிலும் இருந்தவர்கள் மருந்து எடுத்துக்கொண்டே பயிற்சி செய்தவர்கள். வீடியோவில் பேசியவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குறிப்பேடு பற்றிச் சொல்கிறேன் என்றேன். லாரி பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் கிழித்த தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு என்னிடம் கொண்டுவருவார். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் கணவர் தூங்கிய நேரம், எழுந்த நேரம், மாத்திரைக்கு இரண்டு டிக். வலிப்பு வந்த நாளில் சிவப்பு வட்டமும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் இருக்கும். முதலாளி திட்டுவதால் வலிப்பு வருகிறது என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. தாள்களை மேஜையில் பரப்பியபோது சிவப்பு வட்டங்களில் பெரும்பாலானவை திங்களிலும் செவ்வாயிலும் விழுந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் இரவு டிக் இல்லை. ஞாயிறு என்ன நடந்தது என்று நான் கேட்குமுன் அவர் கணவரைப் பார்த்தார், கணவர் தரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு முதலாளி பேச்சு எழவில்லை. நீங்களும் இப்படிக் குறியுங்கள். எந்த ஷிஃப்ட், எத்தனை மணி நேரத் தூக்கம், மாத்திரை போட்ட நேரம், எரிச்சல் இருந்ததா, அறிகுறி வந்ததா, கையை இறுக்கினீர்களா, நின்றதா. நிற்காததையும் நின்றதையும் ஒரே நேர்மையோடு எழுதுங்கள். மூன்று மாதம் போதும், உங்கள் தூண்டுதல் எது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், ஒழுங்காக எடுத்தும் வலிப்பு நிற்கவில்லையென்றால், மூன்றாவது நான்காவது மாத்திரை முழுமையாக நிறுத்தும் வாய்ப்பு குறைவு. அந்த நிலையில், வலிப்பு தொடங்கும் பகுதியை அகற்றும் அறுவை சிகிச்சைக்கான பரிசோதனை செய்ய வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விஷயம். நீங்கள் சொல்லும் இடத்தில் இருக்கும் தழும்பு அதற்கு நன்றாகப் பலன் தரும் வகைகளில் ஒன்று. கனடாவில் இதே பகுதியில் வலிப்பு உள்ள 80 பேரை வைத்து நடந்து 2001இல் வெளியான ஆய்வில், ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் 58 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்த குழுவில் 8 சதவீதம். இடது பக்கம் என்பதால் பேச்சுக்கும் சொற்களை நினைவில் வைப்பதற்கும் பாதிப்பு வருமா என்று முன்கூட்டியே நுணுக்கமாகச் சோதிப்பார்கள். எல்லோருக்கும் செய்துவிட மாட்டார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. கோவையிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம். உங்கள் ஸ்கேன், ஈஈஜி, அந்த மூன்று மாதக் குறிப்பேடு, வலிப்பு வரும்போது வீட்டில் யாராவது போனில் எடுத்த வீடியோ இவற்றோடு போங்கள். "மனதால் அடக்கிவிடுவேன்" என்று இன்னும் ஐந்து வருடம் தள்ளிப்போடுவதைத்தான் நான் பயப்படுகிறேன்.

அதுவரை பைக் ஓட்டாதீர்கள். லைசென்ஸ் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள், அந்தக் கேள்வி உங்கள் உயிருக்காகவும் எதிரில் வருபவர் உயிருக்காகவும்தான்.

கடைசியாக ஒரு பகுதி உங்கள் அம்மாவுக்கு. இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, தம்பி வாயைச் சப்புக்கொட்டி விழிக்கும்போது கையைப் பிடித்து இழுக்கவோ உலுக்கவோ வேண்டாம். அடுப்பு, கிணறு, மாடிப்படி பக்கம் போகாமல் மெல்லத் திருப்பி விடுங்கள், பேசிக்கொண்டே பக்கத்தில் இருங்கள். கீழே விழுந்து இழுத்தால் கையில் இரும்போ சாவிக்கொத்தோ கொடுக்க வேண்டாம், வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதுவும் வைக்க வேண்டாம். தலைக்குக் கீழே ஒரு துண்டு, சட்டைக் கழுத்தைத் தளர்த்தி, இழுப்பு குறைந்தவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ 108க்கு அழையுங்கள். மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே கிடைக்கிறது. எவ்வளவு, எப்போது என்று அவருடைய மருத்துவரிடம் எழுதி வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.